ஒருதரம்தான் கேட்பார்

சனிக்கிழமை பின்னேரம் நாலு இருபதுக்குத் தொலைபேசி அடித்தது. அடுப்பில் கேத்திலை வைத்துவிட்டுச் சுவர் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதால் நேரம் அப்படியே மனதில் பதிந்துவிட்டது. மெல்பேர்ணில் தை மாதம் என்றால் கொதிக்கிற வெயில். இவர், என் கணவர், வெளியே புல்லுக்குத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார். எங்கள் மகளைச் சாம்பியாவில் ஒரு கிராமப் பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியையாக அனுப்பிய தொண்டர் சங்கத்திலிருந்து ஒரு இளைஞர் பேசினார். மகளுக்குக் கடும் காய்ச்சல் என்றும், வியாழக்கிழமை காலை அவளை லொறியில் ஏற்றி மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள் என்றும், அரைநாள் ஓட்டம்தான் என்றாலும் லொறி இன்னும் போய்ச் சேரவில்லை என்றும் சொன்னார். மழையில் வழியில் ஒரு பாலம் உடைந்துவிட்டதாம். ஒவ்வொரு வசனத்துக்குப் பிறகும் "கவலைப்பட ஒன்றுமில்லை" என்றார்.

இத்தனை வருடங்கள் ஆன பின்பும், பின்னேரத்தில் தொலைபேசி அடித்தால் என் கண் முதலில் மணிக்கூட்டுக்குத்தான் போகிறது. ஆனால் நான் எழுத உட்கார்ந்தது அந்த அழைப்பைப் பற்றி அல்ல. அந்த நாட்களில் எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் "கவலைப்படாதேங்கோ" என்ற சொல்லை ஒருதரமும் சொல்லாத ஒருவரைப் பற்றி.

எழுபதுகளில் மெல்பேர்ணில் இருந்த கொஞ்சத் தமிழ்க் குடும்பத்தவர் நாங்கள் எல்லோரும் அவரை அக்கா என்றுதான் கூப்பிட்டோம். பெயரை எழுதமாட்டேன். எழுதினால், "உது என்னத்துக்கு?" என்று கேட்டிருப்பார். யாழ்ப்பாணத்துக்காரி. கணவர் கணக்கு வாத்தியார். சாம்பியாவின் வடக்கே ஒரு கிராமத்தில் அவர் படிப்பித்த காலம் முழுக்க அக்காவும் கூட இருந்தார். கணவர் அங்கேயே காலமானார். அதன்பிறகு தம்பிக்குக் கிட்ட இருக்கலாம் என்று இங்கே வந்து, நோபல் பார்க்கில் ரெயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீடு எடுத்தார். தலைமயிரைக் காதளவுக்கு வெட்டியிருப்பார். எங்கள் பெண்கள் அந்த வயதில் அப்படி வெட்டுவதில்லை. நான் முதல்தரம் கண்டபோது பார்வையை எடுக்கமுடியாமல் நின்றிருக்கவேண்டும்.

"தண்ணி எடுக்கிற இடம் தூரம். தலை முழுகக் காணாது. அதுதான் வெட்டினனான்" என்றார், நான் கேட்காமலே.

"இஞ்சைதான் குழாயிலை தண்ணி வருதே அக்கா?"

"ஓம். பழகிப்போச்சு."

அக்காவோடு பேசுவது அப்படித்தான். கேட்டதற்குப் பதில் வரும். அதற்குமேல் சர்க்கரை தடவமாட்டார். அதேபோல, நாங்கள் சொல்வதையும் சொன்னபடியே எடுத்துக்கொள்வார். ஒரு தீபாவளி ஒன்றுகூடலில் சிநேகிதி ஒருத்தி புதுச்சேலையை விரித்துக் காட்டி, "எனக்கு வடிவாயில்லை என்ன?" என்று கேட்டாள். நாங்கள் எல்லோரும் "ஐயோ, நல்ல வடிவு" என்று சொல்லத்தானே அவள் கேட்டது? அக்கா ஆற அமரப் பார்த்துவிட்டு, "ஓம், இந்த நிறம் உமக்கு எடுபடேல்லை" என்றார். அவள் கணவர் ஊரில் பெரிய பொறியியலாளர். இங்கே அவருடைய பட்டத்தை அங்கீகரிக்காமல் இழுத்தடித்துக்கொண்டிருந்தார்கள். "அடுத்தமுறை கட்டாயம் கிடைக்கும்" என்று நாங்கள் எல்லோரும் அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "கிடைக்காமலும் போகலாம். ட்ராம் ஓட்ட ஆள் எடுக்கினம், கேட்டுப் பார்த்தனீரோ?" என்றார் அக்கா. அந்தக் குடும்பம் நெடுங்காலம் அவரோடு கதைக்கவில்லை. அக்கா அதைக் கவனித்தாரா என்பதே எனக்குச் சந்தேகம்.

எங்கள் மகள் ஆசிரியப் பயிற்சியை முடித்த வருடம், ஆபிரிக்கக் கிராமம் ஒன்றுக்குத் தொண்டராகப் போகப்போகிறேன் என்றாள். நான் அழுதேன், சண்டை பிடித்தேன், சாப்பிடாமல் கிடந்தேன். எதற்கும் அவள் அசையவில்லை. போகிறவர்களை அந்தச் சங்கம் ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவிடம் அனுப்புவது வழக்கம். அங்கே என்ன நடக்கும், எதை எதிர்பார்க்கவேண்டும் என்று அவர் சொல்லிக்கொடுப்பார். மகள் போனபோது நானும் கூடப் போனேன். ஒரு தமிழ்ப் பெண், மகளுக்குத் தாய் வயதுக்காரி, என் பக்கம் நின்று இரண்டு வார்த்தை சொல்லுவார் என்று நம்பினேன்.

போய் உட்கார்ந்தவுடன் அக்கா ஒரு தட்டோடு வந்தார். உளுந்து வடை, அப்போதுதான் பொரித்தது.

"வடை சாப்பிடுறியளோ?"

"ஐயோ வேண்டாம் அக்கா, இப்பதான் சாப்பிட்டுப்போட்டு வந்தனாங்கள்" என்றேன் நான். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"வேண்டாம் அன்ரி" என்றாள் மகளும். நான் வளர்த்த பிள்ளை.

"சரி" என்றார் அக்கா. தட்டைக் குசினிக்குள் கொண்டுபோய் மூடி வைத்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

நான் திகைத்துப்போனேன். எங்கள் வழக்கத்தில் முதல் "வேண்டாம்" ஒரு பேச்சுக்குச் சொல்வது. இரண்டாவது மரியாதைக்கு. அதன்பிறகு வீட்டுக்காரி தட்டைக் கையில் திணிக்கவேண்டும். "உங்களோடை பெரிய கரைச்சல்" என்று சொல்லிக்கொண்டு நாங்கள் எடுக்கவேண்டும். இது தெரியாத யாழ்ப்பாணத்துப் பெண்ணும் உண்டா? பின்னேரம் முழுக்க அந்த வடை மணத்துக்குள் இருந்துவிட்டு, திரும்பும்போது ஸ்டேஷனுக்கு முன்னால் கடையில் உருளைக்கிழங்குப் பொரியல் வாங்கி, தாயும் மகளுமாக நின்ற நிலையில் தின்றோம்.

வீட்டுக்கு வந்து இவரிடம் கொட்டித் தீர்த்தேன்.

"அவ கேட்டவ, நீர் வேண்டாம் எண்டனீர். பிழை எங்கை?" என்றார் இவர்.

"நீங்களும் போய் அவவோடை இருங்கோ. நல்ல சோடி."

அந்த முதல் நாளில் மகளைத் தவிர இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். ஒருவனுடைய தாயும் வந்திருந்தாள். சிங்கம் வருமா என்று ஒருத்தி கேட்டாள். அக்கா சிரிக்கவில்லை. "நான் ஒரு சிங்கமும் காணவில்லை. நீங்கள் எதிர்பார்க்கவேண்டியது சலிப்பு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். "பள்ளிக்கூடம் விட்டபிறகு செய்வதற்கு ஒன்றும் இருக்காது. படுக்கும்வரை அந்த நேரம் கிடக்கும். அதை என்ன செய்வது என்று தெரியாதவர்கள்தான் பாதியில் திரும்பி வருகிறார்கள்." பிறகு சொன்னார்: பிள்ளைகள் உங்கள் தலைமயிரைத் தொட்டுப் பார்க்கும். நடக்கிற விதத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். வணக்கம் சொல்லி, வீட்டில் எல்லோருடைய சுகமும் விசாரித்து முடிக்காமல் எந்தக் காரியத்தையும் பேசக்கூடாது. எவ்வளவு அவசரமானாலும் கூடாது. நீங்கள் அவர்களைப் பார்த்துக்கொள்ளப்போவதாக நினைக்கிறீர்கள். முதல் ஆறுமாதம் அவர்கள்தான் உங்களைப் பார்த்துக்கொள்ளவேண்டியிருக்கும். தண்ணீர் எப்படித் தூக்குவது, அடுப்பை எப்படி மூட்டுவது, ஒன்றும் உங்களுக்குத் தெரியாது.

அந்தப் பையனுடைய தாய், "என் மகன் பத்திரமாக இருப்பானா?" என்று கேட்டாள்.

"எனக்குத் தெரியாது" என்றார் அக்கா.

அவள் அழத் தொடங்கிவிட்டாள். எனக்கும் அதே கேள்விதான் நாக்கு நுனியில் இருந்தது. அவள் பட்ட பாட்டைப் பார்த்து விழுங்கிவிட்டேன். கொஞ்சம் இதமாகப் பேசச் சொல்லிச் சங்கத்தார் அவரைக் கேட்டுக்கொண்டதாகப் பிறகு கேள்விப்பட்டேன். "அப்படியெண்டா வேறை ஆளைப் பாருங்கோ" என்றாராம். வேறு ஆள் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அடுத்த ஞாயிறு மறுபடியும் வடை வந்தது.

"ஓம் அன்ரி, தாங்கோ" என்று மகள் இரண்டு கையையும் நீட்டினாள். "போன கிழமையும் பசியோடைதான் இருந்தனான்."

அக்கா அன்று சிரித்தார். முன்பல் ஒன்று இல்லாததை அப்போதுதான் கண்டேன். "கேள் பிள்ளை" என்றார். "அங்கை ஒரு வீட்டுக்குப் போனா உனக்கு முன்னாலை தட்டு வரும். வேண்டாம் எண்டு சொன்னா, நஞ்சு வைச்சிருக்கினம் எண்டு நீ நினைக்கிறாய் எண்டுதான் எடுப்பினம். இரண்டாந்தரம் கேட்கமாட்டினம். உனக்கு வேண்டாம் எண்ட சொல் நினைக்காமலே வாயிலை வரும். கவனம்."

"எங்கடை ஆக்களுக்கு உது வராது அக்கா, கூச்சம்" என்றேன்.

"அவவுக்கு வரவேணும்" என்றார். எனக்கும் ஒரு வடையை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன்.

புறப்படுவதற்கு முதற்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. மகள் கொல்லையில் இருந்த நேரம் பார்த்துக் கேட்டேவிட்டேன். "அக்கா, பிள்ளைக்கு ஒண்டும் நடக்காதுதானே?"

"தெரியாது தங்கச்சி. மலேரியா வரும். வராட்டித்தான் அதிசயம். வந்தா என்ன செய்யிறது எண்டு சொல்லிக் குடுத்திருக்கிறன்."

"ஒரு ஆறுதலுக்கெண்டாலும் சொல்லலாம்தானே?"

"என்ன சொல்ல?" என்றார். கோபமாக அல்ல. உண்மையாகவே என்ன சொல்லவேண்டும் என்று என்னிடம் கேட்பதுபோல. நான் எழும்பி வந்துவிட்டேன்.

ரெயிலில் மகளிடம், "உந்த மனுசிக்கு நெஞ்சே இல்லை" என்றேன்.

"அம்மா, மற்ற ஆக்கள் எல்லாரும் குட் லக் எண்டுதான் சொல்லினம்" என்றாள் அவள். "நுளம்பு வலையைப் பாயுக்குக் கீழை எப்பிடிச் செருகுறதெண்டு அன்ரிதான் காட்டினவ."

மகள் போனாள், அக்கா இருந்த அதே வடக்குச் சாம்பியாப் பக்கத்துக்கு. எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம், "நான் நல்ல சுகம், ஒன்றுக்கும் யோசிக்கவேண்டாம்" என்று தொடங்கி அப்படியே முடியும். உண்மையில் என்ன நடந்தது என்பதை அக்காவுக்குத்தான் எழுதினாள். அக்கா அதை என்னிடம் ஒளிக்கவில்லை. போய் இறங்கிய அன்றே, ஊர்த் தலைவர் வீட்டில் சோளமாக் களியும் நிலக்கடலை இலைக் கறியும் அவளுக்கு முன்னால் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு சொல்லியும், களைப்பிலும் கூச்சத்திலும் "வேண்டாம், நான் சாப்பிட்டுவிட்டேன்" என்று அவள் வாய் சொல்லிவிட்டது. தட்டு போய்விட்டது. அதன்பிறகு ஊரில் யாரும் அவளைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. பாதையில் கண்டால் மரியாதையாக வணக்கம் சொல்லி விலகிப் போனார்கள். தகரத்தில் அடைத்த மீனும் பிஸ்கட்டுமாக அறைக்குள் இருந்து அழுதுகொண்டிருந்தாள் என் மகள்.

"நீங்கள் என்ன எழுதினீங்கள் அக்கா?"

"சாப்பாட்டு நேரம் பார்த்துத் தலைவர் வீட்டுக்குப் போ, முற்றத்திலை இரு, பசிக்குது தாங்கோ எண்டு கேள் எண்டு எழுதினனான்."

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. பிறர் வீட்டு முற்றத்தில் போய் இருந்து சாப்பாடு கேட்பதா? எங்கள் குடும்பத்தில் யாரும் செய்யாதது.

அவள் செய்தாள். தலைவரின் மனைவி, பெரிய உடம்புக்காரி, முற்றத்திலிருந்த இவளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அயலட்டை எல்லாம் ஓடிவரும்படி சிரித்தாளாம். அன்று தொடக்கம் அந்த மனுசிதான் இவளுக்குத் தாய். தண்ணீர்ப் பானையைத் தலையில் வைக்கப் பழக்கினாள். சந்தைக்குக் கூட்டிப்போனாள். பின்னேரங்களில் தன்னோடு கடலை உடைக்க இருத்தினாள். சலிப்புக்கு அதுதான் மருந்து என்று அக்கா சொன்னார்.

இதெல்லாம் தெரிந்திருந்த நிலையில்தான் அந்தச் சனிக்கிழமை தொலைபேசி வந்தது.

ஞாயிறு காலையிலேயே வீடு நிறைந்துவிட்டது. சிநேகிதிகள் புட்டும் இடியப்பமும் கட்டிக்கொண்டு வந்தார்கள். "ஒண்டும் நடவாது", "கடவுள் இருக்கிறார்", "இப்பவே போன் வரும் பாருங்கோ" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். அவர்கள் அன்பில் குறை இல்லை. ஆனால் ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் எனக்குக் கால் நிலத்தில் படாததுபோல இருந்தது. இவருக்கு என்ன தெரியும், இவளுக்கு என்ன தெரியும் என்று மனம் ஓடும். நான் தொலைபேசிக்குப் பக்கத்துக் கதிரையை விட்டு எழும்பவில்லை. இவர் உடனே சாம்பியாவுக்குப் போவதற்கு விமானச்சீட்டு விசாரிக்கத் தொடங்கினார்.

மத்தியானம்போல அக்கா வந்தார். கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. எனக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"என்ன அக்கா நடந்திருக்கும்?"

"பாலம் உடைஞ்சா லொறி அந்தக் கரையிலை நிக்கும். இல்லாட்டித் திருப்பிச் சுத்துப் பாதையாலை பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகும். அது நீளமான பாதை. மழைக்குச் சேறாயிருக்கும்."

"பிள்ளை தனியக் கிடக்கிறாளோ?"

"இல்லை. வருத்தக்காரரை அங்கை தனிய விடமாட்டினம். அந்தத் தலைவர் வீட்டு மனுசி லொறியிலை கூட ஏறியிருப்பா. ஒரு நிமிசம் நித்திரை கொள்ள விடாமல் சுத்தி இருந்து கதைச்சுக்கொண்டிருப்பினம். அது எனக்கு நல்லாத் தெரியும்."

"உயிரோடை இருப்பாளோ?"

"தெரியாது தங்கச்சி."

எழும்பி நின்ற சிநேகிதி ஒருத்தி, "உங்கடை வாயிலை ஒரு நல்ல சொல்லு வராதோ?" என்று சத்தம் போட்டாள்.

"கேட்டதுக்குத்தான் சொன்னனான்" என்றார் அக்கா.

மற்றவர்கள் அவரை வெளியே அனுப்பியிருப்பார்கள். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஏனென்று அப்போது எனக்கு விளங்கவில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்கிற வாய்தான் தனிய விடமாட்டார்கள் என்றும் சொன்னது. அந்தத் தொலைபேசிக்குப் பிறகு முதல்தரம் ஒரு கோப்பை தேத்தண்ணி குடித்தேன்.

திங்கட்கிழமை விடிய அக்கா சங்கத்துக் கந்தோருக்குப் போகிறேன் என்றார். வேலைக்கு லீவு சொல்லியிருந்தார். அந்த ஊர்ப் பேச்சு தெரிந்தவர் அவர் ஒருவர்தான். "நீர் போனடியிலை இரும். நான் போட்டு வாறன்" என்றார்.

மத்தியானம் கந்தோரிலிருந்து அழைப்பு வந்தது. சாம்பியாவிலிருந்து முதல்நாள் அனுப்பிய தந்தி வந்திருக்கிறதாம். பட்டணத்து ஆஸ்பத்திரியில் ஒரு ஆசியப் பெண்ணைச் சேர்த்திருக்கிறார்களாம். அது எங்கள் மகளாகத்தான் இருக்கவேண்டும், இனி நிம்மதியாக இருங்கள் என்றார் அதே இளைஞர். இவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். சிநேகிதிகள் குசினிக்குள் ஓடிப் பாயாசத்துக்குச் சவ்வரிசி போட்டார்கள்.

"இஞ்சேரும், பிள்ளை கிடைச்சிட்டாள்! சிரியுமன்!" என்றார் இவர்.

"ஆர் கண்டது?" என்றேன். "ஆசியப் பெண் எண்டுதானே சொன்னவை. அந்தப் பட்டணத்திலை குஜராத்திக் கடைக்காரர் எத்தனை பேர் இருப்பினம். அக்கா என்ன சொன்னவ?"

"அக்காவைப் பற்றி அவன் ஒண்டும் சொல்லேல்லை."

"அப்ப அக்கா வரட்டும்."

எல்லோரும் எனக்கு மூளை கலங்கிவிட்டது என்று நினைத்தார்கள். பாயாசக் கோப்பையை என் முன்னால் வைத்தார்கள். அது ஆறி ஆடை படர்ந்தது. நான் யன்னலால் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா வரவில்லை. பிள்ளை கிடைத்தது உண்மை என்றால் ஏன் வரவில்லை? அந்தப் பெண் வேறு யாரோ என்று தெரிந்துவிட்டதா? அதைச் சொல்லத்தான் கால் எழவில்லையா? அக்காவுக்குக் கால் எழாது என்று நான் அதுவரை நினைத்ததே இல்லை. அப்படி நினைத்த கணத்தில்தான் மிகவும் பயந்தேன்.

இங்கே பின்னேரமாகும்போதுதான் அங்கே விடியும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனால் அன்று நினைவில் வரவில்லை. கந்தோரைப் பூட்டவிடாமல் அக்கா அங்கேயே இருந்து, சாம்பியாவில் விடிந்ததும் பட்டணத்து ஆஸ்பத்திரிக்கு அழைப்பு எடுப்பித்து, தொலைபேசியை எடுத்த காவலாளியிடம் அவனுடைய பாஷையிலேயே வணக்கம் சொல்லி, அவன் வீட்டு எல்லோருடைய சுகத்தையும் விசாரித்து முடித்து, அதன்பிறகுதான் வந்த காரியத்தைச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் நின்ற அந்த இளைஞர் பதறிப்போனாராம். இதையெல்லாம் அவர் எங்களுக்குப் பிறகு சொன்னார்.

ஏழரை மணிபோல, வெயில் இன்னும் முற்றத்தில் நிற்க, அக்கா கேற்றைத் திறந்துகொண்டு வந்தார். நடையில் அவசரம் இல்லை. முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. இவர் கதவைத் திறந்தார். சிநேகிதிகள் குசினி வாசலில் நின்றார்கள். அக்கா நேரே என்னிடம் வந்து, செருப்பைக் கழற்றாமலே எனக்கு முன்னால் குந்தினார்.

"கதைச்சனான்" என்றார். "அது எங்கடை பிள்ளைதான். இரண்டு பேர் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வந்து போனடியிலை இருத்தினவை. காய்ச்சல் இன்னும் முழுக்க விடேல்லை. குரல் சரியான மெலிவு. தலைவர் வீட்டு மனுசி பக்கத்திலை நிண்டு சத்தம் போடுறது எனக்குக் கேட்டது."

நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"காய்ச்சல் எவ்வளவெண்டு அம்மாவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ அன்ரி எண்டு கெஞ்சினவ. நான் எல்லாம் சொல்லுவன் எண்டு சொல்லிப்போட்டுத்தான் போனை வைச்சனான்."